மதுரையிலிருந்து ஹான்லேக்கு வானம் பார்க்கப் போகிறவர்களுக்கு

மேலூரிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், நட்சத்திரம் என்றால் அவளுக்கு உயிர். லடாக்கில் ஹான்லே என்ற ஊரில் மலை மேல் பெரிய தொலைநோக்கி இருக்கிறது, அங்கே கூட்டிப்போ என்று நச்சரிக்கிறாள். அவ்வளவு செலவு செய்து போனால் அப்படி என்ன தெரியும், பக்கத்திலிருக்கும் கொடைக்கானல் போதாதா என்பது கேள்வி.

கட்டாயம் போங்கள். ஆனால் ஒரு வருடம் கழித்துப் போங்கள். அந்த ஒரு வருடத்தில் அவள் செய்ய வேண்டிய வேலை இங்கேயே, உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையிலேயே இருக்கிறது. நான் ஹான்லேக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் தடவை பாதி வீணாய்ப் போனது. ஏன் வீணானது என்று புரிந்த பிறகுதான் இரண்டாம் தடவை உருப்படியாகப் பார்த்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹான்லே, லடாக்கின் தென்கிழக்கு மூலையில் திபெத் எல்லையை ஒட்டிய பீடபூமியில் இருக்கிறது. லே நகரத்திலிருந்து சிந்து நதியை ஒட்டியே உப்ஷி, சுமதாங், நியோமா, லோமா என்று ஏறக்குறைய 250 கிலோமீட்டர் போக வேண்டும். ஆய்வகம் இருக்கும் சரஸ்வதி மலையின் உயரம் சுமார் 4,500 மீட்டர். கொடைக்கானல் ஆய்வகம் 2,343 மீட்டர்தான் என்பதை வைத்து அந்த உயரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மலையின் உச்சியில் 2 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு இமாலய சந்திரா தொலைநோக்கி நிற்கிறது. நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அந்தச் 'சந்திரா'. 2000 செப்டம்பரில் அது முதன்முதலாக வானத்தைப் பார்த்தது. பெங்களூரில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம் அதை நடத்துகிறது.

உங்கள் மகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே போய் ஏமாந்துவிடக் கூடாது: அந்தத் தொலைநோக்கியில் கண்ணை வைத்து யாரும் பார்ப்பதில்லை. விஞ்ஞானிகளும் பார்ப்பதில்லை. கண்ணுக்குப் பதில் அதில் கேமராக்களும் நிறமாலைக் கருவிகளும் பூட்டியிருக்கின்றன. பெங்களூருக்கு வெளியே ஹொசகோட்டேயில் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகிறார்கள். பக்கத்திலேயே 21 மீட்டர் அகலத்தில் கண்ணாடித் தட்டுகளால் ஆன 'மேஸ்' என்ற காமா கதிர் தொலைநோக்கியும் இருக்கிறது. அதையும் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். நமக்குக் கிடைப்பது வானம். ஹான்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டரை 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள், இந்தியாவில் அதுதான் முதல். ஊர்க்காரர்களுக்கே தொலைநோக்கி கொடுத்து, பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். தங்கும் வீட்டு வாசலிலேயே உங்களுக்குச் சனியின் வளையத்தைக் காட்டுவார்கள். ராத்திரியில் வண்டியின் முகப்பு விளக்கைத் தாழ்த்தச் சொல்வார்கள், சன்னல்களுக்குக் கனத்த திரை போட்டிருப்பார்கள். ஊரே சேர்ந்து இருட்டைப் பொத்திப் பாதுகாக்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே ஒரு முறை போகலாம்.

வானம் பார்க்க ஏன் பாலைவனமும் வேண்டும், மலையும் வேண்டும்? மதுரைக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாளில் மேகமலையின் அந்தப் பக்கம் கேரளம் நனைந்து கிடக்கும். இந்தப் பக்கம் ஆண்டிபட்டியில் புழுதிக் காற்று அடிக்கும். மலை மேகத்தைப் பிழிந்துவிட்டு வறண்ட காற்றை நமக்கு அனுப்புகிறது. அதே காரியத்தைத்தான் இமயம் பல மடங்கு பெரிதாகச் செய்கிறது. லடாக் அந்த மழை மறைவில் கிடக்கும் குளிர்ப் பாலைவனம். சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்துக்கு இரட்டைக் காவல். கிழக்கே ஆண்டீஸ் மலை ஈரத்தை மறிக்கிறது. மேற்கே கடலில் ஓடும் குளிர்ந்த நீரோட்டம் மேகத்தைத் தாழ அமுக்கி வைக்கிறது. அதனால்தான் 2,635 மீட்டர் உயரமுள்ள பரனால் மலையில் 8.2 மீட்டர் கண்ணாடியுள்ள நான்கு தொலைநோக்கிகளை ஐரோப்பியர்கள் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள்.

காற்றில் ஈரம் இருந்தால் இரண்டு கெடுதல். அகச்சிவப்பு ஒளியை நீராவி விழுங்கிவிடும். ஈரமும் தூசியும் சேர்ந்து ஊர் வெளிச்சத்தை வானம் முழுக்கத் தெளித்தும் விடும். மதுரையில் மாட்டுத்தாவணிப் பக்கம் இரவு எட்டு மணிக்கு அண்ணாந்து பாருங்கள், வானம் கறுப்பாக இருக்காது, ஆரஞ்சும் சாம்பலும் கலந்து கிடக்கும். அது விளக்கொளி ஈரக்காற்றில் பட்டுத் திரும்புவது. அதோடு, நட்சத்திரம் மினுக்குவது நட்சத்திரத்தின் வேலையல்ல, நம் தலைக்கு மேல் சூடும் குளிர்ச்சியுமாகக் கலங்கும் காற்றின் வேலை. 4,500 மீட்டர் ஏறிவிட்டால் அந்தக் காற்றில் ஐந்தில் இரண்டு பங்கு நமக்குக் கீழே போய்விடுகிறது. மேகமும் குறைவு, ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 260 இரவுகள் வேலை செய்ய முடிகிறது. ஹான்லேயில் என்னை முதலில் உலுக்கியது தலைக்கு மேல் இருந்த வானம் அல்ல, மலை விளிம்பில் இருந்த வானம். நம்மூரில் அடிவானத்துக்கு ஒரு சாண் மேலே வந்த பிறகுதான் நட்சத்திரம் கண்ணுக்குத் தட்டுப்படும். அங்கே பாறை முகட்டின் மேலேயே, கல்லில் ஒட்டி வைத்தது போல நட்சத்திரம் நிற்கிறது. ஒரு நொடி முன்பு இல்லை, மறு நொடி இருக்கிறது.

இனி, ஹான்லேயைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லாத ஒன்று. அங்கே தெரியாத, ஆனால் மேலூரில் தெரிகிற வானம் நிறைய இருக்கிறது.

மதுரை பூமத்திய ரேகைக்குப் பத்து பாகை வடக்கே இருக்கிறது. ஹான்லே கிட்டத்தட்ட 33 பாகை. இந்த வித்தியாசம் தெற்கு வானத்தை அங்கே அப்படியே மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் சுமார் பத்து பாகையை மறைக்கும், விரல்களை விரித்த ஒரு சாண் சுமார் இருபது. இந்த அளவுகோல் போதும். தை, மாசியில் இரவு ஒன்பது மணி வாக்கில் நேர் தெற்கே பார்த்தால் அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் அகத்திய நட்சத்திரம் வெள்ளையாகச் சுடர்விடும். வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதுதான். ஹான்லேயில் அதே நட்சத்திரம் அரை முஷ்டி கூட எழும்பாது, மலை மறைத்துக்கொள்ளும். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில், நாலேகால் ஒளியாண்டு சொச்சத்தில் இருக்கும் ஆல்பா சென்டாரி ஹான்லேயில் உதிப்பதே இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில், இரவு பத்து பத்தரைக்கு, மொட்டை மாடியில் ஏறித் தெற்கே பாருங்கள். இரண்டு முஷ்டி உயரத்தில் தெற்குச் சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடது பக்கம் பிரகாசமான இரண்டு நட்சத்திரங்கள் இருக்கும், அவற்றில் இடது ஓரத்தில் இருப்பதுதான் ஆல்பா சென்டாரி. சித்திரா பௌர்ணமி வெளிச்சத்திலும் அவை தெரியும். அன்றைக்கு நிலவை ஒட்டி வெண்ணீலமாக ஒரு நட்சத்திரம் இருக்கும், சித்திரை அதுதான். மாதத்துக்கும் பௌர்ணமிக்கும் பெயர் கொடுத்தது. வைகை ஆற்றில் நிற்கும் அத்தனை லட்சம் பேர் தலைக்கு மேலும் அது இருக்கிறது.

பால்வீதியின் வயிறு, அதாவது தனுசு ராசிப் பக்கம் தடித்துக் கிடக்கும் மையப் பகுதி, ஹான்லேயில் உச்சம் ஏறினாலும் மூன்று முஷ்டியைத் தாண்டாது. மதுரையில் ஐந்து முஷ்டி ஏறுகிறது. அட்டகாமாவில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வருகிறது. ஆக நம் ஊருக்கு வானம் நன்றாகத்தான் வாய்த்திருக்கிறது, அதை மறைக்கும் ஈரமும் வெளிச்சமும்தான் பிரச்சினை. அந்த இரண்டையும் ஓரளவுக்குத் தாண்டிப் போக முடியும்.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த விஷயமல்ல. எங்கள் தோட்டம் சாப்டூர்ப் பக்கம், சதுரகிரி அடிவாரத்தில். சின்ன வயதில் புரட்டாசி மாதம் தோட்டத்தில் படுத்துக் கிடந்தால் அப்பத்தா வந்து காலைத் தட்டும். "கார்த்திகக் கூட்டம் உச்சிக்கு வந்துருச்சுடா, எந்திரி. மடை மாத்தணும்." வீட்டில் கடிகாரம் கிடையாது. புரட்டாசியில் கார்த்திகை உச்சிக்கு வந்தால் விடிய இன்னும் இரண்டு மணி நேரம், ஐப்பசியில் வந்தால் நாலு மணி நேரம் என்று கிழவிக்குக் கணக்கு இருந்தது. நான் பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கால் மணி அரை மணிக்கு மேல் பிசகவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கும்போது தெரியும் பால்வீதியை, மேற்கே ஒரு விளக்கும் இல்லாத அந்த இருட்டில், நான் வானம் என்றே எண்ணவில்லை. மேகம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது முதல் பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஏற்பாடு செய்தவர் லேயில் ஒரே ஒரு இரவு தங்க வைத்துவிட்டு மறுநாளே ஹான்லேக்கு வண்டி ஏற்றிவிட்டார். எனக்கும் அவசரம், மறுக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது தலை பிளந்தது, சாப்பிட்டது நிற்கவில்லை. இரண்டு மணிக்குக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், வானம் நான் நினைத்த அளவுக்கு இல்லை. கார்த்திகைக் கூட்டத்தில் எண்ணிப் பார்த்தேன், ஐந்து. சாப்டூரில் ஆறு எண்ணியவன் நான். அழுகை வராத குறை. வீட்டுக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சின்ன ஆக்ஸிஜன் உருளையைக் கொண்டுவந்து மூக்கில் வைத்தார். நாலைந்து மூச்சு நன்றாக இழுத்துவிட்டு அண்ணாந்தேன். ஒன்பது இருந்தது. நடுவில் ஏதோ மாவு தூவியது போல மங்கலாகவும் தெரிந்தது.

இருட்டில் பார்க்கும் திறன் விழித்திரைக்கு உண்டாவது ஆக்ஸிஜனால்தான், உடம்பில் அது குறைந்தால் முதலில் அடிபடுவது இரவுப் பார்வை. ஹவாயில் 4,200 மீட்டர் உயரமான மௌனா கியா சிகரத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே அனுபவம் உண்டு. வெறும் கண்ணுக்கு உச்சியை விட 2,800 மீட்டரில் உள்ள பார்வையாளர் மையத்திலிருந்துதான் வானம் நன்றாகத் தெரிகிறது. உயரம் தொலைநோக்கிக்கு நல்லது, மனுசனுக்குப் பழகிய பிறகுதான் நல்லது. ஆகவே லேயில் குறைந்தது மூன்று நாள் சும்மா இருங்கள். முதல் நாள் படுத்தே கிடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். அதன் பிறகு நியோமாவில் ஓர் இரவு. மகளுக்கோ உங்களுக்கோ ஆஸ்துமா, இருதயத் தொந்தரவு, ரத்த சோகை இருந்தால் இங்கேயே மருத்துவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ வானமாவது ஒன்றாவது, உடனே கீழே இறங்கிவிடுங்கள். அந்தப் பகுதிக்கு உள் எல்லை அனுமதிச் சீட்டும் வேண்டும், லேயிலேயே வாங்கிவிடலாம்.

இரண்டாம் முறை லேயில் மூன்று நாள் தங்கிவிட்டு, செப்டம்பர் கடைசியில் அமாவாசையை ஒட்டிப் போனேன். அந்த நாலு இரவில் பார்த்ததைச் சொல்கிறேன், உங்கள் மகள் என்ன எதிர்பார்க்கலாம் என்று அப்போது புரியும். நள்ளிரவில் தெற்கு வானத்தின் நடுவில், சூரியனுக்கு நேர் எதிர்ப்புறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல் வெளிச்சம். கிரகங்களுக்கு இடையே மிதக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டு நேராக நம்மிடமே திரும்பி வருவது அது. விடிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கிழக்கே கூம்பாக எழுந்த வெளிச்சமும் அதே தூசிதான். அதைப் பார்த்துவிட்டு விடிந்துவிட்டது என்று பெட்டியைக் கட்டினார் கூட வந்த நண்பர். வடக்கில், நம் பால்வீதியைப் போலவே இன்னொரு பெரிய நட்சத்திரத் திரளான ஆண்ட்ரோமீடா கிட்டத்தட்ட உச்சந்தலையில், நிலவைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளத்துக்கு, கண்ணை இடுக்காமலே தெரிந்தது. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவு. கடைசி இரவில் விடிவெள்ளி மலைக்கு மேல் வந்தது. வீட்டின் வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நான் கையை நீட்டினேன், சுவரில் ஐந்து விரலும் தனித்தனியாக நிழலாய் விழுந்தன. சூரியனும் இல்லை, நிலவும் இல்லை, வெள்ளியின் நிழல். கையை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். குளிரில் விரல் மரத்துப் போனது கூடத் தெரியவில்லை.

ஆனால் நிறம் தெரியாது. செல்போனிலும் பத்திரிகையிலும் வரும் படங்களில் பால்வீதி ஊதாவும் செம்மையுமாக இருப்பது கேமரா பல நொடிகள் ஒளியைச் சேர்த்து வைத்த கணக்கு. இருட்டில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது, எல்லாம் சாம்பல் வெண்மைதான். இதைத் தெரியாமல் போகிறவர்கள் உச்சகட்டக் காட்சிக்கு நடுவில் நின்றுகொண்டு "இவ்வளவுதானா" என்கிறார்கள், கேட்கவே வேதனையாக இருக்கும். அந்தச் சாம்பல் வெண்மைக்குள் எத்தனை அடர்த்தி, எத்தனை கருங்கிளை, எங்கே முடிச்சு, எங்கே பிளவு என்று பார்க்கக் கண் பழகியிருக்க வேண்டும். ஒரு வருடம் கழித்துப் போங்கள் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

அந்தப் பழக்கத்தை இங்கேயே ஏற்படுத்திக்கொள்ளலாம். இருட்டில் அரை மணி நேரம் செல்போனைத் தொடாமல் இருந்தால்தான் கண் முழுதாகத் திறக்கும். ஒரே ஒரு முறை திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து. வழி பார்க்க டார்ச் வேண்டுமென்றால் அதன் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டுங்கள், சிவப்பு வெளிச்சம் அந்த அளவுக்குக் கெடுக்காது. மங்கலான பொருளை நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும், ஏனென்றால் இருட்டுச் செல்கள் விழித்திரையின் நடுவில் கிடையாது, ஓரத்தில்தான் நிறைய. தொலைநோக்கி இப்போது வாங்க வேண்டாம். 10x50 அளவில், அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 50 மில்லிமீட்டர் உள்ள ஒரு இருகண் நோக்கி போதும். அதைக் கொண்டு சித்திரை, வைகாசியில் தெற்குச் சிலுவைக்கு இடப்பக்கம், மூன்று முஷ்டி உயரத்தில் ஒமேகா சென்டாரியைத் தேடச் சொல்லுங்கள். பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும், கோடி நட்சத்திரங்கள் அடங்கிய கொத்து. ஹான்லேயில் அது ஒரு முஷ்டி உயரத்தில் மலையோடு உரசிக்கொண்டு போய்விடும்.

மேலூரில் நான்குவழிச் சாலை வெளிச்சமும் கல்குவாரித் தூசியும் சேர்ந்து வானத்தைக் கெடுக்கும் என்பது தெரியும். நத்தம் பக்கமோ, சிறுமலை மேலோ, பேரையூர் தாண்டியோ அமாவாசைக்கு முன்பின் நாலு நாள் போய்விடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நம் பக்கம் வானம் தெளிவு. ஏப்ரலுக்குப் பிறகு புழுக்கமும் மங்கலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மேகம்.

கொடைக்கானல் போதாதா என்று கேட்டீர்கள். அது பகல் ஆய்வகம், சூரியனைப் பார்க்கவே கட்டியது. சென்னை வானாய்வகத்தின் பணிகள் 1899-ல் அங்கே மாறின. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை அங்கிருந்துதான் கண்டுபிடித்தார், உலகம் முழுக்க இன்றும் அவர் பெயரால்தான் அதைச் சொல்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேலாக நாள்தோறும் எடுத்த சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. மகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், ஆனால் பகலில். இரவு வானத்துக்கு ஊரைத் தாண்டி மன்னவனூர்ப் பக்கம் போனால் ஜனவரி, பிப்ரவரியில் அருமையாக இருக்கும், பனிமூட்டம் இறங்காத நாளாக இருந்தால். வானியல் படிக்கும் எண்ணம் அவளுக்கு நிஜமாகவே இருந்தால் ஜவ்வாது மலையில் காவலூரும் ஒரு முறை. வானியலாளர் வைணு பாப்பு பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்ட அந்த இரவில் காவலூரிலும் அளந்துகொண்டிருந்தார்கள்.

ஹான்லேக்கு மாதம் பார்த்துப் போக வேண்டும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்றால் குளிர் தாங்கும், வானம் சுத்தம், ஆண்ட்ரோமீடா உச்சியில். ஆனால் பால்வீதியின் வயிறு இருட்டியவுடன் தென்மேற்கில் இறங்கிவிடும். அதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மே மாதம், பின்னிரவில். பள்ளி விடுமுறைக்கும் அது ஒத்துவரும். இந்தத் தையிலிருந்து ஆரம்பித்து அடுத்த மே வரை பதினாறு அமாவாசை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜமுக்காளம், ஒரு நோட்டு, ஒரு பென்சிலோடு அவளை உட்கார வையுங்கள். கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை எண்ணினாள் என்பதைத் தேதி போட்டு எழுதட்டும். ஹான்லேயில் எண்ணியதை அதே நோட்டில் அடுத்த வரியில் எழுதலாம். மே மாதம் கார்த்திகை சூரியனோடு ஒளிந்திருக்கும், அதனால் அப்போது போனால் அதற்குப் பதில் சப்தரிஷியில் வசிட்டரை ஒட்டிய அருந்ததியைச் சுற்றி எத்தனை தெரிகிறது என்று இங்கேயும் அங்கேயும் எண்ணட்டும்.